பழைய காண்டசாவின் ஏசிக்குப் புது கேஸ்: காரைக்குடியில் நடந்த வேலை

காரைக்குடியில் கழனிவாசல் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு கார் ஏசி ஷெட் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. வேலிக் கம்பத்தில் ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் பழைய கண்டென்சர் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், அதுதான் அடையாளம். நடத்துகிறவரை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். என் 1993 காண்டசா காரின் ஏசியை ஆர்-12 என்ற பழைய குளிரூட்டும் கேஸிலிருந்து ஆர்-134ஏ என்ற புது கேஸுக்கு மாற்றிக் கொடுத்தவர் அவர். வேலை நடந்தது போன வருஷம் பங்குனியில். ஒரு முழுக் கோடை ஓட்டிப் பார்க்காமல் எழுதக்கூடாது என்று பொறுத்திருந்தேன். இப்போது அடுத்த சித்திரையும் வந்துவிட்டது.

கார் அப்பச்சி, அதாவது என் அப்பா, வாங்கியது. அவர் போன பிறகும் விற்க மனசு வரவில்லை, விற்க வேண்டிய அவசியமும் வரவில்லை. பின் சீட்டு கட்டில் மாதிரி அகலம். ஆத்தாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, எண்பத்து மூன்று வயது. மாதம் ஒரு தடவை கண்ணுக்குள் ஊசி போட மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும். கோட்டையூரிலிருந்து திருப்பத்தூர், மேலூர் வழியாகப் போய்ச்சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊசி போட்டுத் திரும்பும்போது கண்ணில் வெளிச்சமும் படக்கூடாது, காற்றும் தூசியும் படக்கூடாது. கண்ணாடியை ஏற்றித்தான் ஆக வேண்டும். எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஏசி கிடையாது. சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் முற்றமும் இருக்கிற வீட்டில் மதியம் வளவில் பாயைப் போட்டுப் படுத்தால் போதும். சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றிய கார் அப்படி இல்லை. அதற்குள் வயதானவர்களை உட்காரவைப்பது பாவம்.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அது இதைவிடப் பெரியது. நான் முப்பத்தோரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவன். ஓசோன் பாடத்தை ஒவ்வொரு வருஷமும் ஆசையாக நடத்துவேன். குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் குளோரோஃபுளோரோகார்பன், அதாவது சிஎஃப்சி, மேலே போய் உடைந்தால் ஒரு குளோரின் அணு ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும் என்று 1974-ல் மோலினாவும் ரோலண்டும் சொன்னதை, 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் ஓட்டையைக் கண்டதை, 1987 செப்டம்பர் 16-ல் மாண்ட்ரீலில் ஓசோனைக் காக்கும் ஒப்பந்தத்தில் நாடுகள் கையெழுத்துப் போட்டதைக் கதை மாதிரி சொல்வேன். செப்டம்பர் 16 வந்தால் பள்ளியில் பேச்சுப் போட்டியும் நடத்துவேன். அதே நாளில் பள்ளி வாசலில் வேப்பமரத்தடியில் நின்ற என் காரில் ஆர்-12 கசிந்துகொண்டிருந்தது. வருஷா வருஷம் கோடைக்கு முன் ஒரு கடையில் கேஸ் ஏற்றுவேன், தீபாவளிக்குள் அது காணாமல் போயிருக்கும். எங்கே போனது என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. ஆர்-12 என்பது நான் கரும்பலகையில் எழுதிய அதே சிஎஃப்சி, டைகுளோரோடைஃபுளோரோமீத்தேன்தான். இது இன்றைக்கும் மனசை அறுக்கிறது.

2003 ஜனவரிக்குப் பிறகு சிஎஃப்சி போட்டுப் புது ஏசி எதுவும் செய்யக்கூடாது என்று நம் நாட்டில் விதி வந்தது. 2010-க்குள் உற்பத்தியே நின்றது, ஆஸ்துமா இன்ஹேலர் மருந்துக்கு மட்டும் கொஞ்ச நாள் விலக்கு இருந்தது. அப்புறம் ஆர்-12 என்று சொல்லி யார் கொடுத்தாலும் அந்த சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஐந்து வருஷத்துக்கு முன் வேறொரு ஊரில் ஒரு கடையில் காரை விட்டேன். பெயரையும் ஊரையும் எழுத விரும்பவில்லை. "கேஸ் மாத்திரலாம் சார், நாப்பது நிமிஷம்" என்றார்கள். மிச்சமிருந்த பழைய கேஸை வால்வை அழுத்தி உஸ்ஸென்று காற்றில் விட்டார்கள். அதே ஆயில், ஈரத்தை உறிஞ்சும் அதே ட்ரையர், அதே ரப்பர் வளையம். அதன் மேலேயே ஆர்-134ஏவை ஏற்றினார்கள். ட்ரையர் தலையில் இருக்கும் சிறு கண்ணாடிக்குள் நுரை மறையும்வரை ஏற்றிவிட்டு, 2,800 ரூபாய் வாங்கினார்கள். சில்லென்று இருந்தது, நானும் சந்தோஷமாக வந்தேன். ஒன்றரை மாதம் கழித்து மேலூர் தாண்டி வரும்போது கேஸை அழுத்தும் கம்ப்ரஸர் இறுகிவிட்டது. பெல்ட் கருகி வாடை காருக்குள் வந்தது. பின்னால் ஆத்தா கண்ணில் பச்சைத் துணியோடு, "என்னடா எரியுது, என்னடா எரியுது" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கண்ணைத் திறந்து பார்க்க முடியாதவர்களுக்கு அந்த வாடை எப்படி இருந்திருக்கும்! ரோட்டோரம் நிறுத்தி, பெல்ட்டை வெட்டி எடுத்து, கண்ணாடியை இறக்கிக்கொண்டு வீடு வந்தோம். அதன் பிறகு மூன்று கோடை அந்தக் காரில் ஏசி இல்லை. ஆத்தாவை வாடகைக் காரில்தான் கூட்டிப்போனேன்.

ஏன் இறுகியது என்பதை பாய் சொல்லித்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். வேதியியல் வாத்தியாருக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பழைய ஆர்-12 ஏசியில் இருப்பது மினரல் ஆயில். கம்ப்ரஸருக்கென்று தனியாக ஆயில் பம்பு கிடையாது. கேஸ்தான் ஆயிலைக் கரைத்துச் சுமந்துகொண்டு கண்டென்சர், கூலிங் காயில் எல்லாம் சுற்றி மறுபடி கம்ப்ரஸரில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆர்-12 அதைச் செய்யும். ஆர்-134ஏவில் மினரல் ஆயில் கரையாது. கம்ப்ரஸரைவிட்டு வெளியே போன ஆயில் கூலிங் காயிலின் அடியில் தங்கிவிடும், திரும்பி வராது. கம்ப்ரஸர் ஆயில் இல்லாமல் வறண்டு ஓடி ஒரு நாள் நிற்கும். அதனால்தான் புது கேஸுக்குப் பிஏஜி அல்லது எஸ்டர் என்ற செயற்கை வகை ஆயில் போட வேண்டும்.

நடுவில் இன்னொருவர், "ஹைட்ரோகார்பன் கேஸ் போடுங்க, பழைய ஆயிலே போதும், எதையும் மாத்த வேணாம், நல்லா கூலிங் வரும்" என்றார். கூலிங் வரும், அது உண்மைதான். ஆனால் அது புரொப்பேனும் பியூட்டேனும், அதாவது அடுப்படி சிலிண்டரில் இருக்கிற சங்கதி. வீட்டு பிரிட்ஜில் சில பத்து கிராம்தான் இருக்கும், அதற்கென்றே செய்த பெட்டியில் இருக்கும். காரில் கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள், பயணிகள் முகத்துக்கு நேரே இருக்கிறது. அங்கே லீக் ஆகி ஒரு தீப்பொறி பட்டால்? மலிவு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பாய் கடைக்கு முதல் நாள் போனபோது அவர் பானெட்டைத் திறக்கும் முன்பே பதினைந்து நிமிஷம் கேள்வி கேட்டார். கடைசியாக எப்போது ஓடியது, யார் கை வைத்தார்கள், என்ன கேஸ் போட்டதாகச் சொன்னார்கள், என்ன சத்தம் கேட்டது. எல்லாவற்றையும் நீளமான கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டார். எவ்வளவு ஆகும் என்றேன். "திறந்து பாக்காம சொன்னா பொய் சொன்ன மாதிரி ஆயிரும் சார். திறக்கக் கூலி ஐநூறு. பாத்துட்டு எழுதித் தாரேன், வேணாம்னா வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்றார். அப்புறம் அவரே, "கேஸ் ஏத்துறது கடைசி அரை மணி நேர வேலை சார். அதுக்கு முன்னாடி உள்ளதுதான் வேலை" என்றார்.

முதலில், குழாய்க்குள் மிச்சமிருந்த கேஸை மீட்பு மிஷின் போட்டு ஒரு தனி சிலிண்டருக்குள் இழுத்தார். அந்த சிலிண்டர் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. கலப்படக் கேஸ் என்று அர்த்தமாம். ஆர்-12 மிச்சத்தோடு 134ஏ கலந்தால் இரண்டில் எதுவுமில்லாத மூன்றாவது குணம் வந்துவிடும், பிரஷர் எக்குத்தப்பாக ஏறும், அதைப் பிரித்தெடுக்கவும் இங்கே முடியாது. ஆனாலும் காற்றில் விடமாட்டேன் என்கிறார். சிஎஃப்சி ஒழிப்புத் திட்டத்தில் நாடு முழுக்க பிரிட்ஜ், ஏசி மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுத்தார்களே, அதில் சின்ன வயதில் போய்ப் படித்தாராம். "அன்னைக்குச் சொன்னாங்க, அன்னைலருந்து விடல" என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்தது. நான் பாடமாக நடத்தியதை இவர் தினமும் கையால் செய்துகொண்டிருக்கிறார்.

அப்புறம் கம்ப்ரஸரைக் கழற்றி அதன் ஆயிலை ஒரு கண்ணாடித் தம்ளரில் வடித்தார். அதை வெயிலுக்கு நேராகப் பிடித்து என்னைக் கூப்பிட்டார். நல்ல ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும் என்று பக்கத்தில் புது ஆயிலையும் ஊற்றி வைத்திருந்தார். என் காரிலிருந்து வந்தது கரும்பச்சை, அளவும் நாலைந்து கரண்டிக்கு மேல் இல்லை. தம்ளரைச் சுழற்றினால் உள்ளே ஜிகினாத்தூள் மாதிரி மினுமினுவென்று சுற்றியது. அலுமினியம். கம்ப்ரஸர் தன்னைத் தானே அரைத்துக் கொட்டியிருக்கிறது. "இது சிஸ்டம் பூரா போயிருக்கும் சார். கண்டென்சர கழுவி மாட்டுனா ஒரு மாசத்துல புது கம்ப்ரஸரும் போயிரும்" என்றார். அதைப் பார்த்த பிறகு எதை மாற்ற வேண்டும் என்று யாரும் எனக்கு வாதாடிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆக, கம்ப்ரஸர் புதிது, பழையதைப் போலவே அஞ்சு பிஸ்டன் சாண்டன் வகை, 134ஏவுக்கான ஆயிலோடு வந்தது. கண்டென்சரும் புதிது. இதை மாற்ற அலுமினியத் தூள் மட்டும் காரணம் இல்லை. ஒரே வெப்பத்தில் ஆர்-134ஏவுக்கு, கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் பக்கத்தில் பிரஷர் ஆர்-12ஐவிடக் கூடுதலாக வரும், சூட்டை வெளியே தள்ள நல்ல கண்டென்சர் வேண்டும். பழைய காரில் இருந்தது குழாயை வளைத்து வளைத்து இறக்கை வைத்த மாடல். பாய் போட்டது பாரலல் ஃப்ளோ, தட்டையான பல குழாய்களில் ஒரே நேரத்தில் கேஸ் பிரிந்து ஓடுவது. அதற்கு முன்னால் ஒரு எலெக்ட்ரிக் ஃபேனும் வைத்தார். கூலிங் காயிலுக்குள் கேஸை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வை மாற்றினார். ட்ரையரைக் கட்டாயம் மாற்ற வேண்டும் என்றார். அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் உண்டு. பழைய வகை மணி புது கேஸுக்கும் புது ஆயிலுக்கும் தாங்காமல் நொறுங்கிவிடுமாம். பிரஷர் அளவுக்கு மீறினால் கம்ப்ரஸரை நிறுத்தும் சுவிட்சு என் காரில் முன்பு கிடையாது, அதையும் சேர்த்தார்.

கூலிங் காயில் பெட்டியைத் திறந்தபோது வேப்பஞ்சருகும் வேப்பம்பூவும் தூசியோடு சேர்ந்து கம்பளம் மாதிரி படிந்திருந்தது. பள்ளி வாசல் மரத்துடையது. காயிலை உள்ளே ஃப்ளஷ் செய்து, நைட்ரஜனை விட்டு ஊதினார். மறுமுனையில் வெள்ளைத் துணியைக் கட்டிவைத்திருந்தார். முதல் மூன்று தடவை துணியில் கறை விழுந்தது. நாலாவது தடவை மங்கலாக. ஐந்தாவது தடவை துணி வெள்ளையாகவே இருந்தது. ஆனாலும் ஆறாவது தடவையும் ஊதினார்.

ஜாயிண்டுகளில் இருக்கும் ரப்பர் வளையங்களை, அதாவது ஓ-ரிங்குகளை, மாற்றியதை நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அவரிடம் ஒரு பித்தளை அஞ்சறைப்பெட்டி இருக்கிறது, வீட்டில் கடுகு, சீரகம், மிளகு வைக்கிற அதே பெட்டி. கிண்ணத்துக்கு ஒரு சைஸ் என்று பச்சை நிற வளையங்கள். பழைய காரில் இருந்தவை கறுப்பு. கழற்றும்போது ஒன்று கையிலேயே முறிந்தது, காய்ந்த வெண்டைக்காய் மாதிரி. புதியதை எடுத்து ஆயில் கிண்ணத்தில் ஒரு முக்கு முக்கி, விரலால் தடவிப் பார்த்து, பள்ளத்தில் உட்காரவைத்து, நட்டை முதலில் கையால்தான் திருகுகிறார். கையில் லேசாகத் திருகவில்லையென்றால் கழற்றிவிட்டு மறுபடி. ஒரு ஜாயிண்டுக்கு மூன்று தடவை கழற்றினார். பக்கத்தில் நின்ற பையன் ஸ்பானரை நீட்ட, "அவசரப்படாதடா, வளையம் கடிபட்டா அடுத்த வருஷம் சார் கேஸ் வாங்கவேண்டி வரும்" என்றார். அடுத்தவன் பணத்தைத் தன் பணம் மாதிரி பார்க்கிற குணம் அது. ஆயில் டப்பாவையும் திறந்த கையோடு மூடிவிடுகிறார். பிஏஜி ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். நேற்றுத் திறந்த டப்பாவை இன்றைக்குத் தொடமாட்டாராம்.

ஹோஸில் ஒன்று வெடித்திருந்தது. உள்ளே நைலான் அடுக்கு வைத்த புது வகை ஹோஸை மதுரைக்கு அனுப்பி, முனையை நசுக்கிப் பொருத்தி வாங்கினார். மற்ற இரண்டும் நன்றாக இருந்ததால் மாற்றவில்லை. வருஷக்கணக்கில் பழைய ஆயில் ஊறிய ரப்பர் கசிவைக் கொஞ்சம் தடுக்கும், லீக் டெஸ்டில் தாங்கினால் விட்டுவிடலாம் என்றார். மாற்றியிருந்தால் நான் கேள்வி கேட்காமல் கொடுத்திருப்பேன்.

எல்லாம் பூட்டிய பின் நைட்ரஜனை ஏற்றி, சோப்பு நுரையை ஒவ்வொரு ஜாயிண்டிலும் பிரஷ்ஷால் தடவினார். பிறகு வேக்கம் பம்பைப் போட்டு இரண்டரை மணி நேரம் ஓடவிட்டார். இதைச் சிலர் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். காற்றை மட்டும் எடுக்க அது போதலாம், உள்ளே இருக்கும் ஈரம் போகாது. குக்கரில் அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கிற சூடும் கூடும் அல்லவா, இங்கே அதற்கு நேர்மாறு. கேஜில் 29 அங்குல வேக்கத்தில் தண்ணீர் 25 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். "நம்ம ஊரு வெயில் இதுக்கு நல்லது சார். மார்கழியில இன்னும் கூட நேரம் விடணும்" என்றார். பம்பை நிறுத்தி, வால்வை மூடி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தபோது முள் அசையவில்லை.

கேஸ் ஏற்றியது எடைத் தராசில். நகைக்கடைத் தராசைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார். காரில் ஒட்டியிருந்த பழைய ஏசி ஸ்டிக்கரில் 900 கிராம் ஆர்-12 என்று இருந்தது. 134ஏ அதே அளவு போடக்கூடாது, எண்பதிலிருந்து தொண்ணூறு சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும். முதலில் 650 கிராம். என்ஜினை 1,500 ஆர்பிஎம்மில் ஓடவிட்டு, டேஷ்போர்டு வாயில் தெர்மாமீட்டர் வைத்து, இரண்டு கேஜையும் பார்த்தார். அப்புறம் 700. அப்புறம் 740-ல் நிறுத்திவிட்டார். இன்னும் கொஞ்சம் போட்டால் கூலிங் கூடாதா என்றேன். கூடப் போட்டால் கண்டென்சரில் இடம் இல்லாமல் பிரஷர் ஏறி, கூலிங் குறையத்தான் செய்யும் என்றார். ட்ரையர் கண்ணாடியில் லேசாக நுரை தெரிந்தது. அதைப் பார்த்துத்தான் முந்தைய கடையில் ஏற்றிக்கொண்டே போனார்கள். ஆர்-12க்கு அது சரியான அடையாளம். 134ஏவில் அளவு சரியாக இருந்தாலும் நுரை தெரியலாம், அதை நம்பக்கூடாது.

கடைசியாக, கேஜ் குழாயை மாட்டுகிற, திருகு வைத்த பழைய போர்ட்டுகள் மேல் 134ஏவுக்கான ஸ்னாப் போர்ட்டுகளை நிரந்தரமாகப் பூட்டினார். இனி யாரும் தவறிப்போய்ப் பழைய கேஜை மாட்ட முடியாது. (உங்களிடம் தொண்ணூறுகளின் நடுவில் வந்த கார் இருந்தால் முதலில் இதைப் பாருங்கள். போர்ட்டில் வெளிப்பக்கம் மரை இருந்தால் ஆர்-12. மழமழவென்று தடிமனாக, ஸ்னாப் செய்து மாட்டுவதாக இருந்தால் ஏற்கெனவே 134ஏ, நீங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.) பானெட்டின் உள்பக்கம் ஒரு வெள்ளை லேபிள் ஒட்டி, அழியாத பேனாவால் தமிழில் எழுதினார்: கேஸ் ஆர்-134ஏ, 740 கிராம். ஆயில் பிஏஜி. ட்ரையர் மாற்றிய தேதி. கேஜ் அளவுகள். கீழே நாலு வரி காலியாக விட்டார். எங்கள் ஐயா, அதாவது தாத்தா, கொழும்புக் கடைப் பேரேட்டை இப்படித்தான் எழுதுவார் என்று அப்பச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன்: சரக்கு, நிறை, நாள், கையெழுத்து.

மொத்தம் 27,350 ரூபாய். அதில் கம்ப்ரஸரும் கண்டென்சரும் மட்டும் பதினாறாயிரத்துக்கு மேல். கூலி 4,500. கேஸுக்கு ஆனது அறுநூறு சொச்சம்தான், பில்லிலேயே மிகச் சின்ன வரிகளில் ஒன்று. மாற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு டிக்கியில் வைத்துவிட்டார். முந்தைய கடையில் என் கம்ப்ரஸர் கெடாமல் இருந்திருந்தால் பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்திருக்கும் என்று அவரே கணக்குப் போட்டுக் காட்டினார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நாலு நாள் என்றார், பதினொரு நாள் ஆனது. ஹோஸ் மதுரையிலிருந்து வரவே ஐந்து நாள். தாமதம் பரவாயில்லை, ஆனால் போன் எடுக்கமாட்டார். நாமே நேரில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியூரிலிருந்து வண்டி விடுகிறவர்களுக்கு இது பெரிய தொந்தரவு. உட்கார ஒரு ஸ்டூலுக்கு மேல் இல்லை, பெண்கள் வந்தால் நிற்கத்தான் வேண்டும். டேஷ்போர்டு கழற்றும்போது இடப்பக்கக் கிளிப் ஒன்று உடைந்தது. அவரே சொன்னார், மறைக்கவில்லை. ஒட்டிக் கொடுத்தார், ஆனால் மேடு பள்ளத்தில் இன்னும் கடகடக்கிறது. அப்பச்சி அந்தக் காரை வைத்திருந்த விதத்துக்கு அது எனக்கு உறுத்துகிறது. அந்த உதிரிபாகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கூலிங் பற்றி நேராகச் சொல்கிறேன். அப்பச்சி காலத்தில் ஆர்-12 போட்டு அந்தக் கார் அடித்த சில்லிப்பு இப்போது இல்லை. இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் தெரியும் என்று பாய் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார். அக்கினி நட்சத்திரத்தில், வெளியே 39 டிகிரி இருந்த ஒரு மதியம், நானே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். திருப்பத்தூர் ரோட்டில் அறுபதில் போகும்போது காற்று 9 டிகிரியில் வந்தது. பிள்ளையார்பட்டி கோயில் முன்னால் காரை நிறுத்தி என்ஜினை ஓடவிட்டால் பத்து நிமிஷத்தில் 14-க்கு ஏறியது. அந்த ஃபேன் இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும். ஓடும்போது ஒரு குறையும் இல்லை, நிற்கும்போது சுமார்.

134ஏவும் குற்றமற்ற கேஸ் இல்லை என்று எனக்குத் தெரியும். அதில் குளோரின் இல்லை, ஓசோனைத் தொடாது. ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் கார்பன் டை ஆக்ஸைடைப் போல் 1,430 மடங்கு. ஆர்-12க்கு அது 10,900. 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் போட்ட ஒப்பந்தப்படி இதையும் படிப்படியாகக் குறைக்கப் போகிறார்கள், இந்தியா 2021-ல் அதை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பாவில் 2017-லிருந்து புதுக் கார்களில் 134ஏ போடவே கூடாது, 1234ஒய்எஃப் என்ற கேஸுக்குப் போய்விட்டார்கள். நேரே அதற்கே மாற்றலாமே என்று பாயிடம் கேட்டேன். அது லேசாகத் தீப்பிடிக்கும் வகை, அதற்கென்று செய்த கூலிங் காயிலும் மீட்பு மிஷினும் வேண்டும், விலையும் பல மடங்கு. முப்பது வருஷக் காரில் அதைப் போட அவர் சம்மதிக்கவில்லை. சரி என்றேன். லீக் ஆகாத 134ஏ யாருக்கும் கெடுதல் செய்யாது என்பது என் சமாதானம். அதனால்தான் அந்தப் பச்சை வளையங்களை அவர் மூன்று தடவை கழற்றி மாட்டியது எனக்கு அவ்வளவு முக்கியம்.

வைகாசியில் ஆத்தாவை மதுரைக்குக் கூட்டிப்போனேன். ஊசி போட்டுக்கொண்டு பின் சீட்டில் காலை நீட்டிப் படுத்தார்கள். மேலூர் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தேன், சேலைத் தலைப்பை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தார்கள். குளிருதா ஆத்தா, குறைக்கவா என்றேன். "இருக்கட்டுப்பா, அப்பச்சி இருக்கயில இப்படித்தான் இருக்கும்" என்றார்கள். பிறகு திருப்பத்தூர் வரும்வரை தூங்கினார்கள்.

போன வாரம் வருஷ சோதனைக்குக் காரை விட்டேன். பாய் கேஜை மாட்டினார். பிரஷர் தாழ்ந்த பக்கம் 34 பிஎஸ்ஐ, உயர்ந்த பக்கம் 240. போன வருஷம் லேபிளில் எழுதிய எண்களுக்கும் இதற்கும் முள்ளளவு வித்தியாசம்தான். கண்டென்சரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார், பெல்ட்டை அழுத்திப் பார்த்தார், 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். பிறகு பேனாவை எடுத்து, காலியாக விட்டிருந்த முதல் வரியில் தேதி போட்டு எழுதினார்: சேர்த்த கேஸ் 0 கிராம்.